ஹேடன் வாங்கிய மூன்று பவுண்டு

சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்றால் யாருக்கும் முகம் மலரும். டெலித் கிட்டின்ஸ் பயந்துபோனாள்.

செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ரொட்டிக்கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. டெலித் கஸ்டர்ட் கேக் துண்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி க்ளெனிஸ் நல்ல சேதி கொண்டுவந்த முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி ஏறுகிறது, உனக்கும் மணிக்குப் பத்தொன்பது பென்னி கூடும் என்றாள். டெலித் அடுக்குவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வேண்டாம், பழைய கூலியே போதும் என்றாள்.

க்ளெனிஸ் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவள். கூலி போதவில்லை என்று மூக்கைச் சிந்தியவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கூட்டாதே என்று கெஞ்சியவளை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"கூட்டிக் குடுக்கலைன்னா என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவாங்கடி. நானா குடுக்கிறேன்? சட்டம் குடுக்குது."

அப்படியானால் வாரத்துக்கு அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று க்ளெனிஸ்தான் யோசனை சொன்னாள். அதுவும் முடியாது என்று டெலித் தலையாட்டினாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றால் நீ வேலைக்கு வந்தவளா, கம்பி மேல் நடக்க வந்தவளா என்று க்ளெனிஸ் கேட்டுவிட்டு, அடுப்பில் இறைச்சி வைத்த பேஸ்டி கருகுகிற வாசனை வரவே உள்ளே ஓடினாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த ரோண்டா பள்ளத்தாக்கின் மேல்கோடியில், க்ரேக் தெருவில், டெலித் தன் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் இருந்தாள். வயது நாற்பத்து மூன்று. பதினோரு வயதில் லோரி என்று ஒரு மகள். புருஷன் எண்ணெய்க் கிணறு வேலைக்கென்று ஸ்காட்லாந்துக்குப் போனவன், திரும்பி வரும் வழியை மறந்துவிட்டான். வீட்டில் இன்னொரு ஆள் அவளுடைய அண்ணன் எம்லின். அவளைவிட மூன்று வயது மூத்தவன்; ஆறடி உயரம், மனசு மட்டும் எட்டு வயதிலேயே நின்றுவிட்டது. வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குளிக்க, சவரம் செய்ய, மாத்திரை போட எல்லாவற்றுக்கும் தங்கைதான். சட்டைப் பித்தானை மட்டும் தானே போட்டுக்கொள்வான். யாராவது உதவினால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவான்.

இந்தக் குடும்பத்தை அரசாங்கம் இரண்டு கைகளால் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை, பராமரிப்புப் படி. முடியாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு வாரம் அறுபத்தொரு பவுண்டு சொச்சம். ஆனால் பார்த்துக்கொள்கிறவர் வெளியே சம்பாதிப்பது வாரத்துக்கு நூற்றிரண்டு பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டியது ஒரு பென்னியாக இருந்தாலும் படி முழுவதும் போய்விடும். இன்னொரு கை, வரி அலுவலகம் தரும் டாக்ஸ் கிரெடிட். சம்பளம் குறைந்த குடும்பங்களுக்குக் கிடைக்கும் உதவிப் பணம் அது. அதில் வேலை செய்கிறவர்களுக்கான பங்கு வேண்டுமென்றால், தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண் வாரத்தில் பதினாறு மணி நேரமாவது வேலைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு அலுவலகம் அதிகம் வேலை செய்யாதே என்றது. மற்றது குறைவாக வேலை செய்யாதே என்றது. டெலித் செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்று சரியாகப் பதினாறு மணி நேரம் வைத்துக்கொண்டு, இரண்டு சுவருக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கி நின்றிருந்தாள். புதிய கூலியில் அந்தப் பதினாறு மணி நேரமே நூற்று நான்கு பவுண்டு ஆகிவிடும். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு என்ன கேடு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அந்த இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று கிள்ளும் என்பதையும் டெலித் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். முதன்முதலில் பராமரிப்புப் படி கிடைத்தபோது லோரிக்குப் புதுக் காலணி வாங்கினாள். அடுத்த ஏப்ரலில் டாக்ஸ் கிரெடிட் குறைந்து வந்தது. தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சங்கீதம் கேட்டுக் காத்திருந்து விசாரித்தாள். படி என்பது உங்கள் வருமானம், வருமானம் ஏறினால் இது இறங்கும் என்றார் அந்தப் பக்கத்து மனிதர், தன்மையாகத்தான்.

"அந்தக் காசையும் நீங்கதானே குடுக்கிறீங்க? உங்க வீட்டுக் காசு வந்ததுக்கு உங்க வீட்லயே கழிச்சுக்குவீங்களா?" என்று கேட்டாள் டெலித். அது வேறு துறை அம்மா என்றார் அவர்.

இப்போது படி போய்விட்டால் டாக்ஸ் கிரெடிட் திரும்ப ஏறுமா என்று கேட்டுப் பார்த்தாள். இவ்வளவு சின்ன இறக்கத்துக்கு இந்த வருடம் ஏறாது என்று தெரிந்தது. அடுத்த வருடம் ஏறினாலும் போனதில் கால் பங்கு வருவதே பெரிது. அந்த அறுபத்தொரு பவுண்டு இல்லாமல் அந்த வீடு ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. எம்லின் குளிரில் இருந்தால் வலிப்பு அதிகம் வரும். அதனால் கணப்பை அணைக்க முடியாத வீடு அது.

க்ளெனிஸ் மறுநாள் இன்னொரு வழி சொன்னாள். கல்லாவில் நிற்கும் மேவிஸ் கிறிஸ்துமஸோடு ஓய்வு பெறுகிறாள், அவள் இடத்துக்கு முழுநேரமாக வந்துவிடு, படியை நம்பியே இருக்க வேண்டாம் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எம்லினை என்ன செய்வது என்று டெலித் கேட்டபோது, பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் வாரநாட்களில் விடலாமே, சனி ஞாயிறு கூட்டி வரலாமே என்றாள். டெலித் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அவளுக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது எம்லின் இரண்டு வாரம் அந்த இல்லத்தில் இருந்தவன். அங்கே யாரும் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவன் பல நாள் சட்டையைத் தானாகப் போட்டுக்கொள்ளவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு, யாராவது போட்டுவிடட்டும் என்று நின்றான். அவனை அங்கே அனுப்புவதைவிடத் தன் கையை வெட்டிக் கொடுத்துவிடலாம் என்றுதான் டெலித்துக்கு இருந்தது.

சந்தைக் கட்டடத்தின் மாடியில் இலவச ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே கெரித் என்று தாடி வைத்த ஒரு இளைஞன். டெலித் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அண்ணனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டான். எதிர்வீட்டு ஹேடன் என்றாள். அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டான். என்ன கொடுப்பது, சூப் கொடுப்பேன், டீ அவரே போட்டுக்கொள்வார் என்றாள்.

"காசு குடுங்க. நீங்க வேலைக்குப் போற நேரத்துல அண்ணனைப் பாத்துக்கிறதுக்குன்னு நிஜமாவே குடுக்கிற காசை உங்க சம்பளத்துல கழிச்சுத்தான் கணக்குப் பண்ணுவாங்க. வாரம் மூணு பவுண்டு போதும், நூத்திரண்டுக்குக் கீழ வந்துருவீங்க. கூடப்பொறந்தவங்க, பெத்தவங்கன்னா செல்லாது. பக்கத்து வீட்டுக்காரர்னா தாராளமா செல்லும்."

டெலித்துக்கு அந்தத் தாடியைப் பிடித்து ஒரு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. மாடிப்படியில் இறங்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பவுண்டு. ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கினால் தீர்ந்துபோகிற காசு. இதற்கா நான் இத்தனை நாள் உறங்காமல் கிடந்தேன் என்று நினைத்துக்கொண்டு மலைச்சரிவில் மூச்சு வாங்க ஏறி வீட்டுக்கு வந்தாள். ஹேடனை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

ஹேடன் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, மனைவி இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அதனால் குடும்பப் பெயரை யாரும் நம்புவதில்லை. செய்த வேலையோ செய்த காரியமோ பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இவர் ஹேடன் பஸ். டெலித் ரொட்டிக்கடைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரமே பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வந்து, எம்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை அழைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தொலைக்காட்சியில் காலையில் பழம்பொருள் ஏலம் போடும் நிகழ்ச்சி வரும். ஒவ்வொரு பொருளும் என்ன விலைக்குப் போகும் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். பந்தயப் பணம் பிஸ்கட். எம்லினுக்கு விலை பற்றி ஒன்றும் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஆயிரம் பவுண்டு என்பான். பாதி நாள் அவனே ஜெயித்ததாகக் கணக்கு முடியும். வலிப்பு வந்தால் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தன் கம்பளிச் சட்டையை மடித்து வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். டெலித் ஒரு மணிக்கு வந்த பிறகும் போகமாட்டார். மூன்று பேரும் சூப் குடிப்பார்கள், பிறகு குதிரைப் பந்தயம் பார்ப்பார்கள், லோரி பள்ளிவிட்டு வரும்போதும் நாற்காலியில்தான் இருப்பார்.

டெலித் விஷயத்தைச் சொன்னதும் ஹேடன் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"காசா? எனக்கா?"

மூன்று பவுண்டுதான் என்று அவள் சமாதானமாகச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. மூன்று பவுண்டா, நான் பேருந்தில் காலை வைத்தாலே அதைவிட அதிகம் கொடுத்தார்கள் என்று அவர் வேறு பக்கம் திரும்பினார். சரி, பத்து பவுண்டாகக் கொடுக்கிறேன் என்றாள். பத்து வேண்டாம், மூன்றும் வேண்டாம், ஒரு பென்னியும் வேண்டாம் என்றார். பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்று பயமா என்று கேட்டாள்; அஞ்சு பவுண்டு வரைக்கும் அவர்களிடம் சொல்லிவிட்டாலே போதும், பிடிக்கமாட்டார்களாம், அதையும் கெரித்திடம் கேட்டுவிட்டேன் என்றாள். பென்ஷன் கிடக்கட்டும் என்றார் ஹேடன்.

"பவுண்டு பெர்சியை மறந்துட்டியா நீ?"

யாரும் மறக்கவில்லை. எண்பத்திரண்டாம் வருடத்துப் பெரும்பனியில் கதவு உயரத்துக்குப் பனி மூடியபோது, தெருவே ஆளுக்கொரு மண்வாரியோடு இறங்கி வழி வெட்டியது. பெர்சி என்கிறவன் ஒரு விதவை வீட்டு வாசலைத் துப்புரவாக்கிவிட்டு, அவள் நீட்டிய ஒரு பவுண்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவன் பவுண்டு பெர்சி. சுரங்கத்தில் இரண்டு பேரை மண்சரிவிலிருந்து இழுத்துப் போட்டவன் அவன். அந்தக் காரியம் பெயரோடு ஒட்டவில்லை. அவன் செத்தபோது தேவாலயத்தில் போதகரே நாக்குத் தடுமாறிப் பவுண்டு பெர்சி என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துக்குச் செய்கிற ஒத்தாசைக்குக் காசு வாங்குவது அந்தத் தெருவில் திருட்டைவிட ஒரு படி கேவலம். திருடனையாவது பாவம் என்பார்கள்.

டெலித் விடவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று நாணயங்களை அவருடைய செய்தித்தாளுக்குள் மடித்து வைத்தாள். அவை சனிக்கிழமை காலை அவள் வீட்டுப் பால்புட்டிக்கு அடியில் இருந்தன. அடுத்த முறை தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தாள். எம்லின் வாயில், ஹேடன் அந்தக் காசில் வாங்கிக் கொடுத்த சாக்லேட் வாசனை வந்தது. காசு வேண்டாம், வாங்கியதாக ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுங்கள் என்றும் ஒரு தடவை, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். ஹேடன் செய்தித்தாளை மடித்து வைத்தார். வாங்காத காசுக்குக் கையெழுத்துப் போடுகிறவனை உன் அண்ணன் பக்கத்தில் உட்கார வைப்பாயா என்று கேட்டார். அவளுக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

செப்டம்பர் கடைசி வந்துவிட்டது. வீட்டில் எல்லாம் பழையபடி நடந்தது. ஏலம், பிஸ்கட், சூப். ஹேடனும் டெலித்தும் மட்டும் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. க்ளெனிஸ் மேவிஸின் இடத்துக்குப் பதில் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் சொல், இல்லையென்றால் விளம்பரம் போட வேண்டும் என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் எம்லின் தூங்கிய பிறகு, டெலித் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஹேடனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றாள். ஊர் வைக்கிற பெயர் உங்களுக்கு அவ்வளவு பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டாள்.

ஹேடன் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"பேரு என்ன பேரு. எனக்கு வயசு அறுபத்தெட்டு, யாரு எப்படிக் கூப்பிட்டா என்ன. அதில்ல கண்ணு. எம்லின் வாழ்க்கையில உன்னையும் லோரியையும் விட்டா யாரு வந்திருக்கா சொல்லு. டாக்டரு, நர்ஸு, வேன் ஓட்டுறவன், இல்லத்துல வேலை பாக்குறவங்க. எல்லாம் கழுத்துல அட்டை மாட்டுனவங்க. நல்லவங்கதான், நான் குறை சொல்லலை. ஆனா எல்லாரும் சம்பளத்துக்கு வந்தவங்க. மணி ஆச்சுன்னா போயிருவாங்க, அடுத்த மாசம் வேற ஆளு. அது அவனுக்குத் தெரியும். அவனுக்கு ஒண்ணும் புரியாதுன்னு நீங்கல்லாம் நெனைக்கிறீங்க, அது மட்டும் அவனுக்கு நல்லாப் புரியும். சும்மா வந்தவன் நான் ஒருத்தன்தான். அதையும் மூணு பவுண்டுக்கு வித்துரவா?"

டெலித்துக்கு, இவர் மானத்துக்காக முறுக்கிக்கொண்டு நிற்கிறார் என்று இத்தனை நாளும் மனதுக்குள் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் கோபமும் வந்தது, அவர் மேல் இல்லை, யார் மேல் என்று தெரியாத கோபம். அவள் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இருந்தாள். சொன்னால் அவரைக் கட்டாயப்படுத்துவது போலாகும் என்று விழுங்கியிருந்தாள். இனி விழுங்க இடமில்லை. படி போய்விட்டால் நான் முழுநேரம் கடைக்குப் போக வேண்டும், எம்லின் வாரம் முழுக்கக் கீழே அந்த இல்லத்தில் இருக்க வேண்டும், நாளைக்கு நான் க்ளெனிஸுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஹேடன் முகத்தில் ஈயாடவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய்க் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். ஜன்னல் வழியாக எதிர்ச்சரிவில் ஆடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சரி, வாங்கிக்கிறேன். ஆனா அவனுக்குத் தெரியாம வாங்கமாட்டேன். நானே அவன்கிட்ட சொல்லுவேன்."

டெலித் வேண்டாம் என்றாள். அவனுக்கு எதற்கு, எனக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு, நான் தபாலில்கூட அனுப்புகிறேன் என்றாள். ஹேடன் கேட்கவில்லை. ஒருநாள் அவன் கண்ணில் பட்டால் அப்புறம் நான் எந்த முகத்தோடு அவன் பக்கத்தில் உட்காருவது என்றார்.

வெள்ளிக்கிழமை டெலித் க்ளெனிஸிடம் முழுநேரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் சொன்னதே தவிர, மனம் வீட்டிலேயே இருந்தது. இந்நேரம் ஹேடன் சொல்லியிருப்பாரா, அவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று அதையே நினைத்துக்கொண்டு, ஒரு கிழவருக்கு இரண்டு முறை மீதிச் சில்லறை கொடுத்தாள். அவர் நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்தார்.

ஒரு மணிக்குக் கடையைவிட்டு ஏறக்குறைய ஓடித்தான் வந்தாள். பின்கதவைத் திறந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. தொலைக்காட்சி அணைந்திருந்தது. பகலில் அது அணைந்து அவள் பார்த்ததில்லை. ஹேடன் தன் நாற்காலியில் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் தட்டு பிஸ்கட்டோடு அப்படியே இருந்தது. காலையில் சொல்லிவிட்டேன் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார். உன் தங்கை இனிமேல் எனக்கு வாரம் மூன்று பவுண்டு கொடுப்பாள், உன்கூட இருப்பதற்காக, என்று சொன்னாராம். எம்லின் கேட்டுக்கொண்டானாம். அதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. எந்தப் பொருளுக்கும் ஆயிரம் பவுண்டு சொல்லவில்லை.

எம்லின் அறையில் இல்லை. நடைவழியில் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஹேடனுடைய கோட்டு இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பத்திரமாகப் பிடித்திருந்தான். ஹேடன் முன்னால் வந்து நின்று அதை நீட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. வேன்காரனை வழியனுப்பும்போது இருக்கும் அதே மரியாதையான முகம்.

"மணி ஆச்சு," என்றான் எம்லின். "தேங்க் யூ."

அறுபத்தொரு பவுண்டுக்காக அண்ணனுடைய ஒரே சிநேகிதனை விற்றுவிட்டேன் என்று டெலித்துக்குள் ஏதோ உடைந்தது. அவன் நிஜமாகவே அந்த இல்லத்துக்குப் போயிருந்தால்கூட ஹேடன் அவனுக்கு ஹேடனாகவே இருந்திருப்பார். இதைச் சரிசெய்ய எந்த மாடிக்குப் போய் எந்தத் தாடிக்காரனைக் கேட்பது?

ஹேடன் எழுந்தார். கோட்டை வாங்கிக்கொண்டார். நடைவழிக்குப் போனார். டெலித் கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்டது வேறு சத்தம். கோட்டைக் கொக்கியில் மாட்டுகிற சத்தம். ஹேடன் திரும்பி வந்து அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மணி ஆச்சு மாப்ளே, நீ சொல்றது சரிதான். மூணு பவுண்டு வேலை ஒரு மணியோட முடிஞ்சுபோச்சு," என்றார். "இப்ப நான் சும்மா வந்திருக்கேன். குதிரையைப் போடு."

எம்லின் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், நடைவழியைப் பார்த்தான், ஹேடனைப் பார்த்தான். பிறகு நடைவழிக்குப் போய்க் கோட்டு கொக்கியில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தான். இரண்டாவது பந்தயம் ஓடும்போது, தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஹேடன் முழங்கால் மேல் வைத்தான். டெலித் சூப்பைச் சூடு பண்ணப் போய், அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அலுவலகம் அந்த மூன்று பவுண்டை ஏற்றுக்கொண்டது, படி நிற்கவில்லை. தெருவும் சும்மா இருக்கவில்லை. க்ளெனிஸ் வாய் வழியாகச் செய்தி போய், ஹேடனுக்கு வேறொரு பெயர் தயாராகத்தான் இருந்தது. ஆனால் யாராவது காரணம் கேட்டால் ஹேடனே நின்று விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நூற்றிரண்டு பவுண்டு, நூற்று நான்கு பவுண்டு, பதினாறு மணி என்று அவர் விரலை மடக்கத் தொடங்கியதும் கேட்டவர்களுக்குத் தலை சுற்றும். அத்தனையையும் உள்ளே அடக்கி ஒரு பட்டப்பெயர் வைக்க அந்தத் தெருவுக்கே சக்தி போதவில்லை.

ஆனால் எம்லின் அந்த வேலையை விடவில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை, மணி ஒன்று அடித்ததும் எழுந்து போய்க் கோட்டை எடுத்து வந்து ஹேடனிடம் நீட்டுவான். ஹேடன் ஒவ்வொரு நாளும் எழுந்து, அதை வாங்கி, கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்து உட்காருவார். முட்டி வலியோடு முனகிக்கொண்டேதான் போவார், ஆனால் ஒரு நாளும் உட்கார்ந்தபடி வேண்டாம் என்று கையைக் காட்டியதில்லை. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அவருக்கு மருத்துவமனையில் கண் பரிசோதனை இருந்தது. ஒன்றேகால் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஓட்டுநர்கள் யாருக்காகவும் நிற்கமாட்டார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? எம்லின் கோட்டைக் கொண்டுவந்தான். டெலித் அவசரமாகக் கதவைத் திறந்துவைத்தாள். ஹேடன் கோட்டை வாங்கி, நடைவழிக்குப் போய் மாட்டிவிட்டு, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எம்லினுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பந்தயம் ஓடி முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்றேன் மாப்ளே என்று சொல்லிவிட்டு, தானே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த பேருந்துக்குப் போனார்.